ஆக்சஸ் டு ஒர்க்: சுயதொழில் கலைஞருக்கு இந்த நிதியுதவி எவ்வளவு தூரம் பயன்படுகிறது?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகள் ஒரு வேலையில் சேரவும், சேர்ந்த வேலையில் நீடிக்கவும் அரசு வழங்கும் ‘ஆக்சஸ் டு ஒர்க்’ நிதியுதவியை, கலையையே தொழிலாகக் கொண்டவர்களின் பக்கத்திலிருந்து பார்த்து எழுதும் மதிப்புரை இது. லண்டனில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் படைப்புகளை உருவாக்கும் ஓர் ஓவியரிடம் நான் உதவிப் பணியாளராக இருக்கிறேன். நாடகம், நடனம், இசை என்று பல துறைகளில் இருக்கும் நண்பர்களுக்கு விண்ணப்பம் நிரப்பவும் கணக்கு எழுதவும் கைகொடுத்து வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்துவிட்டால், ஒரு கலைஞரின் தொழிலையே நிமிர்த்திவிடக்கூடிய உதவி இது. ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே மேசையில் அமர்ந்து மாதச் சம்பளம் வாங்குபவரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது என்பதால், கலைஞர் ஒருவர் தம் வேலையை அந்தச் சட்டகத்துக்குள் பொருத்திக் காட்டக் கற்றுக்கொள்ளும் வரை அது அவருக்கு எளிதில் வசப்படாது.

திட்டம் 1994-இல் தொடங்கப்பட்டது. வேலை மற்றும் ஓய்வூதியத் துறை இதை நடத்துகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் இது பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. 16 வயது நிரம்பியவர், உடல்நலக் குறைபாடோ மாற்றுத்திறனோ தம் வேலைக்குத் தடையாக இருப்பதைக் காட்ட முடிந்தால், விண்ணப்பிக்கலாம். சேமிப்பு எவ்வளவு, வீட்டில் மற்றவர் வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. கிடைக்கும் தொகையைத் திருப்பிக் கட்டவும் வேண்டாம், வேறு உதவித்தொகை பெற்றுவந்தால் அதில் இதைக் கழித்துக்கொள்வதும் இல்லை. உதவிப் பணியாளரின் ஊதியம், சைகைமொழி உரைபெயர்ப்பாளரின் கட்டணம், சிறப்புக் கருவிகள், பொதுப் போக்குவரத்தைப் பயன்படுத்த இயலாதவருக்கு டாக்ஸிச் செலவு, மனநல ஆதரவு ஆகியவை இதில் அடங்கும். பெரிய நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு நிறுவனமும் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டியிருக்கும். சுயதொழில் செய்பவருக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஒப்புதல் கிடைத்த செலவு முழுவதையும் திட்டமே தருகிறது. ஆண்டு உச்சவரம்பு 2024 ஏப்ரலில் 69,260 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

கலைஞர்கள் பலர் இதைக் கலைமானியத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே யாரும் உங்கள் படைப்பின் தரத்தை எடைபோடுவதில்லை. உங்கள் நடனம் புதுமையானதா, உங்கள் ஓவியம் சமூகத்துக்கு என்ன சொல்கிறது, எத்தனை பார்வையாளர்கள் வருவார்கள் என்பன போன்ற கேள்விகள் வருவதே இல்லை. தேர்வுக்குழுக்களின் முன் நின்று நின்று அலுத்துப்போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட்கப்படுவதெல்லாம் இரண்டுதான்: நீங்கள் செய்வது ஊதியம் தரும் வேலையா? அந்த வேலையைச் செய்ய எது தடையாக இருக்கிறது?

முதல் கேள்வியிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். தொழில்முறைக் கலைஞர் என்பதற்கு இங்கே விருதோ, பத்திரிகை விமரிசனமோ, இருபது ஆண்டு மேடை அனுபவமோ சான்றாகாது. வருமான வரித்துறையில் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்தபோது கிடைத்த யூடிஆர் எண், வரிக்கணக்கு, ஒப்பந்தங்கள், அனுப்பிய பில்கள் ஆகியவையே சான்று. தொழில் தொடங்கிப் புதிதாக இருப்பவர் என்றால், வருமானம் எப்படி வரும் என்பதை விளக்கும் திட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும். பழகிய தொழில் என்றால் பெயரளவுக்கு அல்லாத ஒரு வருமானம் இருக்க வேண்டும். பிரிட்டனில் வாழும் நம் தமிழர்களிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வார இறுதியில் பரதமும் மிருதங்கமும் வயலினும் கற்றுக்கொடுத்து, அரங்கேற்றங்களுக்கு நட்டுவாங்கமும் பக்கவாத்தியமும் செய்து வாழ்கிறவர்கள் பலருக்கு மூட்டுவாதமோ, பார்வைக் குறைவோ, செவித்திறன் இழப்போ வந்த பிறகும், இப்படி ஓர் உதவி தமக்கும் உரியது என்ற எண்ணமே எழுவதில்லை. சுயதொழில் வரவு ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரித்துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். வகுப்புக் கட்டணத்தைக் கையில் வாங்கிக் கணக்கில் எழுதாமல் விட்டவர், அரசிடம் ‘இது என் தொழில்’ என்று சொல்லும் நாளில் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லாமல் நிற்பார். கணக்கை நேராக்குவதுதான் விண்ணப்பத்தின் உண்மையான முதல் பக்கம்.

விண்ணப்பத்தை இணையத்திலோ தொலைபேசியிலோ கொடுக்கலாம். பிறகு அலுவலர் ஒருவர் அழைத்து விவரம் கேட்பார். தேவைப்பட்டால் மதிப்பீட்டாளர் ஒருவர் வேலை செய்யும் இடத்தைப் பார்த்துப் பரிந்துரை எழுதுவார். கருவிக்கும் டாக்ஸிக்கும் பொதுவாக மூன்று இடங்களில் விலை விசாரித்துக் கொடுக்க வேண்டும். இவை எல்லாம் சாதாரண நடைமுறைகள், அவற்றில் பெரிய குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல், ‘வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறீர்கள்?’ என்ற கேள்வியில் தொடங்குகிறது. எழுத்தர் ஒருவர் இதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார். நான் வேலை செய்யும் ஓவியரை எடுத்துக்கொண்டால், கண்காட்சிக்கு முந்தைய வாரங்களில் காலை ஒன்பது மணிக்குப் பட்டறைக்குள் நுழைந்தால் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார்; கண்காட்சி முடிந்ததும் உடல் ஓய்வு கேட்கும், அந்த நாட்களில் மின்னஞ்சலும் வரைபடங்களும் மட்டுமே. நாடகக்காரருக்கு ஒத்திகைக் காலத்தில் வாரத்துக்கு ஆறு நாள், அடுத்த ஒப்பந்தம் வரும் வரை ஒன்றுமில்லை. இதைக் கேட்கும் அலுவலருக்கு ‘சில வாரம் நிறைய, சில வாரம் குறைவு’ என்ற பதில் போதாது. குறைவான வாரத்தை அளவாக வைத்து உதவி ஒதுக்கப்பட்டால், நெருக்கடியான வாரத்தில் கலைஞர் தனித்து நிற்பார். ஆகவே கடந்த ஓராண்டை எடுத்துக்கொண்டு, எந்த மாதம் எந்த வேலை, அதில் பட்டறையில் எவ்வளவு நேரம், கூட்டங்களில் எவ்வளவு நேரம், மானிய விண்ணப்பம் எழுதவும் பில் அனுப்பவும் எவ்வளவு நேரம் என்று அட்டவணையாக எழுதி, ஆண்டு மொத்தத்தைக் காட்டி, வாரச் சராசரியோடு ‘மணிநேரத்தை ஆண்டு முழுவதும் தேவைக்கேற்பப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி வேண்டும்’ என்று எழுத்தில் கேட்பதே சரி. கலைஞர்கள் இந்த அட்டவணையைப் போட வெட்கப்படுவதைப் பார்த்திருக்கிறேன். கலைக்கு மணிக்கணக்கு பார்ப்பதா என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உதவிப் பணியாளருக்கு ஊதியம் மணிக்கணக்கில்தான் கொடுக்கப்படுகிறது.

அடுத்த சிக்கல் இன்னும் நுட்பமானது. உதவிப் பணியாளர், மாற்றுத்திறனாளி தம் வேலையைத் தாமே செய்ய உதவ வேண்டும். அவருக்குப் பதிலாக அந்த வேலையைச் செய்துவிடக் கூடாது. அலுவலக வேலையில் இந்தக் கோடு ஓரளவு தெளிவாகத் தெரியும். பட்டறையில் அப்படி இல்லை. என் வேலையையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஓவியருக்குத் தோளிலும் கையிலும் வலு இல்லை. நான் ஸ்கிரீனைத் தூக்கிக் கீலில் பொருத்துகிறேன், அவர் சொன்ன விகிதத்தில் மையைக் கலக்குகிறேன், அவர் சொன்ன கோணத்திலும் அழுத்தத்திலும் ஸ்குவீஜியை (மையை ஸ்கிரீன் வழியாகத் தாளில் அழுத்தும் ரப்பர் பட்டையை) இழுக்கிறேன். ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் அவர் தாளை விளிம்பிலிருந்து விளக்குக்குக் கீழே பார்ப்பார். ஓரத்தில் மை தடித்திருந்தால் ‘இன்னும் சாய்த்து, ஒரே வேகத்தில்’ என்பார். சில தாள்களை ஒரு வார்த்தையும் பேசாமல் கழித்துவிடுவார். இதில் படைப்பு யாருடையது என்பதில் பட்டறைக்குள் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் விண்ணப்பத்தில் ‘உதவியாளர் அச்சடித்துத் தருவார்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், படிப்பவர் என்ன நினைப்பார்? ஓவியரின் வேலையை வேறொருவர் செய்கிறார் என்றுதான் நினைப்பார், அப்படி நினைத்தால் அவர் மேல் பிழையும் இல்லை. அதனால் இவ்வாறு எழுதினோம்: உருவம், நிறம், வரிசை, அழுத்தம், எந்தத் தாளை ஏற்பது எதைக் கழிப்பது என்ற எல்லா முடிவுகளும் கலைஞருடையவை, எடை தூக்குதல், இழுத்தல், கழுவுதல் ஆகிய உடல் செயல்களை அவர் முன்னிலையில், அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் செய்வார், கலைஞர் பட்டறையில் இல்லாத நேரத்தில் அச்சுவேலை எதுவும் நடக்காது. கடைசி வாக்கியம் முக்கியமானது என்பது என் எண்ணம், ஏனென்றால் அது வாதம் அல்ல, சரிபார்க்கக்கூடிய உண்மை.

இதே தர்க்கம் கருவிகளுக்கும் பொருந்தும். எந்தக் கலைஞருக்கும் தேவைப்படும் பொருளைத் திட்டம் வாங்கித் தராது; மாற்றுத்திறன் காரணமாகவே கூடுதலாகத் தேவைப்படுவதைத்தான் தரும். மடிக்கணினி கிடைக்காது, அதில் ஏற்றும் திரைவாசிப்பு மென்பொருள் கிடைக்கலாம். ஓவியச் சட்டகம் கிடைக்காது, சக்கர நாற்காலியில் இருப்பவர் உயரத்தை மின்விசையால் மாற்றிக்கொள்ளும் மேசை கிடைக்கலாம். ஒப்புதல் வரும் முன்பே அவசரப்பட்டு வாங்கிவிட்டால், பணம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பணம் வரும் முறை கலைஞர்களுக்கு உகந்ததாக இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் முதலில் நாம் செலவு செய்துவிட்டு, பிறகு நேரக்கணக்கையும் பில்லையும் இணைத்துக் கோர வேண்டும். செலவு செய்த நாளிலிருந்து 9 மாதங்களுக்குள் கோரிக்கை போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசியில் நானும் ஓவியரும் பட்டறை மேசையில் அமர்ந்து, நாள்வாரியாக மணிநேரத்தை ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்டு அனுப்புகிறோம். எனக்குச் சம்பளம் அந்தத் தேதியில் வேண்டும். கோரிய தொகை பிறகுதான் வரும். ஓவியருக்கு வர வேண்டிய விற்பனைப் பணத்தைக் காட்சிக்கூடம் ஒன்று பல மாதம் இழுத்தடித்ததும் நடந்திருக்கிறது. மாதச் சம்பளக்காரரின் நிறுவனம் இந்த இடைவெளியைத் தாங்கிக்கொள்ளும். கலைஞரிடம் அத்தகைய கையிருப்பு இருப்பது அபூர்வம். ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைக்க முடிந்தவர்களே நிம்மதியாக இருக்கிறார்கள்.

காத்திருப்பைப் பற்றித் தனிப்பட்ட கதைகளைவிட அரசே வெளியிட்ட எண்ணிக்கை தெளிவாகப் பேசும். 2025-இன் முற்பகுதியில் முடிவுக்காகக் காத்திருந்த விண்ணப்பங்கள் 60,000-ஐத் தாண்டியிருந்தன. நான்கு வாரத்துக்குள் வேலையில் சேர இருப்பவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்பது உண்மை. ஆனால் சுயதொழில் கலைஞருக்கு ‘வேலையில் சேரும் நாள்’ என்பது எது? ஒத்திகை தொடங்கும் தேதி போட்ட ஒப்பந்தம் கையில் இருந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். மூன்று மாதச் சிற்பப் பணிக்கோ ஆறு வார நாடகத்துக்கோ கிடைத்த வாய்ப்பு, முடிவு வருவதற்குள் முடிந்தே போய்விடலாம். ஆகவே ஒரு குறிப்பிட்ட வாய்ப்புக்காக விண்ணப்பிப்பதைவிட, கையில் வேலை குறைவாக இருக்கும் காலத்திலேயே தொழில் முழுமைக்கும் விண்ணப்பித்து, மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடிய ஒதுக்கீட்டைப் பெற்று வைத்திருப்பதே புத்திசாலித்தனம். புதுப்பிக்கும் காலம் வரும்போதும் கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொரு பலவீனம் பலருக்குத் தெரியாது. இது சட்டப்படி உரிமையாக வரையறுக்கப்பட்ட உதவித்தொகை அல்ல. அரசு தன் விருப்புரிமையில் தரும் மானியம். எனவே தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு செய்யும் வழி இல்லை. வேறோர் அலுவலர் மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்கலாம், முறைப்படி புகார் செய்யலாம், அதற்கு மேல் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாகக் குறைகேட்பாளரை அணுகலாம். இவ்வளவுதான். அதனால் தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி வைப்பது, பிற்பாடு வாதாடுவதைவிடப் பயன் தரும்.

உச்சவரம்பைப் பற்றிப் பேசினால் செவித்திறன் இல்லாத கலைஞர்களைத் தவிர்த்துப் பேச முடியாது. 69,260 பவுண்ட் என்பது கேட்க மிகப் பெரிய தொகை. உரைபெயர்ப்பாளருக்கு நாள் ஒன்றுக்கு 300 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் 230 நாட்களுக்கு வரும். ஆனால் நாள் முழுவதும் நீளும் ஒத்திகையில் ஒருவரே தொடர்ந்து உரைபெயர்க்க முடியாது, இருவர் மாறிமாறிச் செய்ய வேண்டும். அப்போது அது 115 நாட்களாகச் சுருங்கிவிடும். வரம்பு 2015-இல் கொண்டுவரப்பட்டபோது தொகை 40,800 பவுண்ட்தான். செவித்திறன் இல்லாதோர் அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பிறகு 2018-இல் 57,200 ஆக உயர்த்தப்பட்டது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்காக 1980-இல் தொடங்கப்பட்ட கிரேயே நாடகக் குழுவின் கலை இயக்குநராக 1997-இல் பொறுப்பேற்றவர் ஜென்னி சீலி. செவித்திறன் இல்லாத அவர், 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவைப் பிராட்லி ஹெம்மிங்ஸுடன் சேர்ந்து இயக்கியவர். உலகமே பார்த்த அந்த மேடையை நடத்தியவரே, தமக்கான உரைபெயர்ப்பு உதவி குறைக்கப்பட்டதைப் பற்றிப் பொதுவெளியில் பேச வேண்டிவந்தது. பொறுப்பு உயர உயரக் கூட்டங்கள் கூடும், கூட்டங்கள் கூடக்கூட உரைபெயர்ப்பு நாட்களும் கூடும். வரம்போ தொழிலில் மேலே போனவரைத்தான் முதலில் பிடிக்கிறது. திட்டத்தின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

இந்தத் திட்டம் தராததை ஓரளவு ஈடுகட்டுவது கலை நிதியுதவிகளில் தனிப்பட்ட அணுகல் செலவுக்கு, அதாவது மாற்றுத்திறன் காரணமாகக் கலைஞருக்கு ஆகும் கூடுதல் செலவுக்கு, இருக்கும் இடம். இங்கிலாந்துக் கலைக்கழகத்தின் (ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து) ‘டெவலப்பிங் யுவர் கிரியேட்டிவ் பிராக்டிஸ்’ நிதி தனிக் கலைஞருக்கு 2,000 முதல் 12,000 பவுண்ட் வரை தருகிறது. ‘நேஷனல் லாட்டரி புராஜெக்ட் கிராண்ட்ஸ்’ அதைவிடப் பெரிய பணிகளுக்கானது. இவற்றில், கலைஞரின் சொந்த அணுகல் செலவை மானியத் தொகைக்கு மேல் கூடுதலாகக் கேட்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 12,000 பவுண்டுக்குள் அதையும் திணித்து, படைப்புக்கான பணத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தை எழுதவே உதவியாளர் தேவைப்பட்டால் அதற்கான ஆதரவையும் அங்கே முன்கூட்டிக் கேட்டுப் பெறலாம். மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கென்றே இயங்கும் ‘அன்லிமிடெட்’ அமைப்பு, 2012 ஒலிம்பிக் பண்பாட்டு நிகழ்ச்சிகளின் ஒரு பகுதியாகத் தொடங்கி இன்று தனித்து நிற்கிறது. அதன் படைப்பு நிதிகளும் அணுகல் செலவைத் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்கின்றன. ஒரே செலவை இரண்டு இடத்திலும் கோரக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். நாங்கள் பின்பற்றும் முறை எளிது: ஆண்டு முழுவதும் தேவைப்படும் பட்டறை உதவி ஆக்சஸ் டு ஒர்க்கில், ஒரு கண்காட்சிக்காக மட்டும் வெளியூரில் தேவைப்படும் கூடுதல் உதவி அந்தக் கண்காட்சியின் நிதியில்.

2025 மார்ச்சில் வெளியான அரசின் ‘பாத்வேஸ் டு ஒர்க்’ பசுமை அறிக்கை (முடிவெடுக்கும் முன் கருத்துக் கேட்கும் ஆவணம்), இந்தத் திட்டத்தை எப்படி மாற்றியமைக்கலாம் என்று கருத்துக் கேட்டது. பொறுப்பை வேலை கொடுப்பவர்கள் பக்கம் கூடுதலாக நகர்த்தினால், வேலை கொடுப்பவர் என்று ஒருவரே இல்லாத சுயதொழில் கலைஞரின் நிலை என்ன ஆகும் என்பதுதான் கலைத்துறையினரின் கவலை, எனக்கும் அதே கவலைதான்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும், தகுதியுள்ள எந்தக் கலைஞரிடமும் விண்ணப்பியுங்கள் என்றுதான் சொல்வேன். உதவி வருவதற்கு முன் ஓவியர் தம்மால் தூக்க முடிந்த அளவுக்குத் தாளையும் ஸ்கிரீனையும் சிறிதாக்கிக்கொண்டே வந்தார். இப்போது தாளின் அளவைப் படம் தீர்மானிக்கிறது. கணக்கு வழக்கே வைத்துக்கொள்ளாதவருக்கும், அடுத்த மாதமே உதவி தேவை என்ற நிலையில் இருப்பவருக்கும் மட்டும் இது உடனடித் தீர்வாகாது. அவர்கள் முதலில் நடப்புப் பணிக்கான நிதியில் அணுகல் செலவைக் கேட்டுவிட்டு, இதற்கான விண்ணப்பத்தைப் பக்கத்தில் ஓடவிடலாம். தொலைபேசியை எடுக்கும் முன் யூடிஆர் எண், கடைசி வரிக்கணக்கு, கையிலுள்ள ஒப்பந்தங்கள், ஓராண்டு மணிநேர அட்டவணை, எந்தச் செயல் எதனால் தடைபடுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு ஆகிய ஐந்தும் மேசைமேல் இருக்கட்டும். குறிப்பில் நோயின் பெயரை ஒரு வரியில் முடித்துவிட்டு, மீதிப் பக்கம் முழுவதையும் வேலைக்கு விடுங்கள்.